கபச்சுரப்பியும் குளத்துக் கெண்டையும்: ஏறாவூர்ப் புறநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு மக்கள் தம் நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக வகுத்து வழங்குவர். இடையே கிடப்பது வாவி. எழுவான்கரையின் வடபால் அமைந்த ஊர் ஏறாவூர். அதன் கிழக்கே புன்னைக்குடாக் கடல். மறுபுறம் வாவியின் வட அந்தம். அதற்கும் அப்பால், செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கும் வயல்வெளி. அவ்வயல்களுக்கு நீரூட்டும் உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்கள். ஆகவே கடல்மீன், வாவிமீன், குளத்துமீன் என மூவகை மீனும் இப்பகுதிச் சந்தைகளுக்கு வர இயற்கையே வழிசெய்திருக்கிறது. இவற்றுள் முதலிரண்டையும் பற்றிப் பேசுவோர் பலர். வாவிக்கோ 'பாடும் மீன்' என்னும் பெரும்புகழே உண்டு. குளத்து மீனுக்குப் பாட்டும் இல்லை. அதன் வரலாற்றை எழுத முனைந்தோரும் சிலரே.

அவ்வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. வாவியில் அகப்படும் மணலையும் கொடுவாவும் எவருடைய உதவியுமின்றிக் கடலை நாடிச் சென்று முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாகத் தாமே உள்ளே வருகின்றன. குளத்து விராலும் கெளுத்தியும் மாரி வெள்ளத்தில் வயலோரத்திலேயே பெருகுகின்றன. ஆனால் குளத்திற் பெரிதாய் வளரும் கட்லா, ரோகு, மிரிகால் என்னும் இந்தியக் கெண்டைகளும், புற்கெண்டை, பெருந்தலைக்கெண்டை என்னும் சீனக் கெண்டைகளும் இக்குளங்களிற் பிறந்தவை அல்ல. எங்கோ ஒரு நிலையத்தின் சீமெந்துத் தொட்டியில், தாய்மீனுக்கு ஊசி ஏற்றப்பட்ட சில மணி நேரத்தின் பின் அவை பிறந்தன. மீன் தானே பெருகும் குளத்துக்கும், ஊசியினாற் பெருகிய மீனை ஏற்றிருக்கும் குளத்துக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பின்னது ஒரு நிறுவனத்தை நம்பி வாழ்வது. அந்நிறுவனம் நின்றால் ஒரு தலைமுறைக்குள் அம்மீனும் இல்லையாகும். கிழக்கிலங்கையின் குளங்கள் இவ்வுண்மையை 1990ஆம் ஆண்டின் பின் கண்டன. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், இக்கெண்டைகள் குளத்தில் ஏன் முட்டையிடுவதில்லை என்பதை நோக்குவோம். குளத்து நீரிலும் இவை உண்டு கொழுத்து வளர்கின்றன; பெண்மீனின் சூலகத்தில் முட்டைகள் கருவூண் நிறைந்து பருவமடைகின்றன; வயிறு பருத்து மென்மையாகின்றது. அதன் பிறகே தடை நேர்கிறது. பருவமடைந்த முட்டை இறுதிப் படியைக் கடந்து வெளியேற வேண்டுமாயின், மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி ஓர் ஓமோனைப் பெருமளவில் ஒரே வேளையிற் சுரத்தல் வேண்டும். ஆற்றில் அதற்கான குறிப்பு, புதுவெள்ளத்தின் வேகமும் குளிர்ச்சியும் கலக்கலுமாகும். அசையாத குளத்து நீரில் அக்குறிப்புக் கிடைப்பதில்லை. சுரப்பி வாளாவிருக்க, முட்டைகள் காத்திருந்து, ஈற்றில் தாயின் உடலிலேயே கரைந்துபோகின்றன. சீனக் கெண்டைகளுக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. அவற்றின் முட்டைகள் ஆற்றோட்டத்தில் மிதந்தபடியே நெடுந்தூரம் சென்று பொரிப்பவை. யாங்சி போன்ற பேராறுகளுக்கு இயைந்த இவ்வழக்கம், மலையடியிற் புறப்பட்டு விரைவிலேயே களப்பை அடைந்துவிடும் முந்தனை ஆறு போன்ற குற்றாறுகளுக்கு எவ்வாறு பொருந்தும்?

பண்டுதொட்டே வங்காளத்திலும் சீனத்திலும் கெண்டை வளர்த்தோர் இத்தடையை அறிந்திருந்தனர். வெள்ளக் காலத்தில் ஆற்றிலே நுண்வலையிட்டு முட்டையையும் குஞ்சையும் வாரிக் குளத்தில் விடுவதே அவர்கள் கண்ட வழி. வாரிய குஞ்சில் வேண்டிய இனம் எது, அதனைத் தின்னும் இனம் எது என்று பிரித்தறிதல் அரிது. வளர்த்த பின்னரே, வளர்த்தது பகையையா உறவையா என்று தெரியவரும். வங்காளத்தின் மேற்குப் பகுதியில் மழைநீர் பாய்ந்து தேங்கும் சிற்றணைகளிற் கெண்டை முட்டையிடுவதும் கண்டறியப்பட்டிருந்தது. எனினும் அதுவும் மழையின் தயவிலேயே நடந்தது.

சுரப்பியைக் கொண்டே மீனை முட்டையிடச் செய்யலாம் என்னும் எண்ணம் ஆசியாவிற் பிறந்ததன்று. ஆஜென்ரீனாவின் உடற்றொழிலியல் அறிஞர் பேணார்டோ ஹூசே, மீனின் கபச்சுரப்பியைக் குட்டியீனும் சிறுமீனினம் ஒன்றிற் செலுத்தி அது காலத்துக்கு முன்பே குட்டியீனுவதை 1930இற் கண்டார். இவரே பின்னர், 1947இல், நோபல் பரிசு பெற்றவர். ஹூசேக்கு மீன்வளர்ப்பில் நாட்டம் இருந்ததாகக் கூறவியலாது. சுரப்பியின் தொழிலை அறிவதே அவர் கருத்து. அதனை மீன்பெருக்கும் கலையாக மாற்றியவர் பிறேசில் நாட்டு ரொடொல்போ வொன் இஹெரிங் என்பவர். இவர் பணியாற்றிய சூழல் கிழக்கிலங்கையர் ஊன்றி நோக்கத்தக்கது. பிறேசிலின் வடகிழக்குப் பகுதி வறட்சிக்குப் பேர்போனது. அங்கே அரசு பஞ்சத்தைத் தணிக்கப் பெருங்குளங்கள் பலவற்றைக் கட்டியது. குளத்தில் நீர் நின்றது. ஆனால் ஆற்றில் வாழ்ந்து பழகிய நல்ல மீன்கள் அக்குளங்களிற் பெருகவில்லை. அக்குளங்களை மீனால் நிரப்பும் பொறுப்பை ஏற்ற ஆணைக்குழுவின் தலைவராக இருந்த வொன் இஹெரிங், 1934ஆம் ஆண்டளவில் மீனின் கபச்சுரப்பிச் சாற்றைச் சூற்கொண்ட மீனுக்கு ஏற்றி முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டார். உலர்வலயமும் கட்டப்பட்ட குளமும் பெருக மறுத்த ஆற்று மீனும் ஒருங்கே அமைந்த அந்நிலத்தின் தேவையிலிருந்தே இம்முறை பிறந்தது. எனவே, பின்னாளில் அது நமது உலர்வலயக் குளங்களுக்கு வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதே பத்தாண்டின் பிற்பகுதியிற் சோவியத்து நாட்டில் கெர்பில்ஸ்கியும் அவர் குழுவினரும் இம்முறையைப் பெரும் ஸ்ரேர்ஜன் மீனுக்குப் பயன்படுத்தினர்.

இந்தியாவில் இம்முயற்சி எளிதிற் கைகூடவில்லை. பஞ்சாபில் ஹமீத் கான் 1930களின் பிற்பகுதியிற் பாலூட்டிகளின் கபச்சுரப்பியை மிரிகாலுக்கு ஏற்றிப் பார்த்தார்; நிலையான பயன் விளையவில்லை. வேற்றினத்துச் சுரப்பியிலும், மீனின் சுரப்பியே, அதுவும் நெருங்கிய இனத்துச் சுரப்பியே, மீனுக்கு ஏற்றது என்பது மெல்ல மெல்லவே புலனாயிற்று. 1955இல் ஹிராலால் சௌதுரி என்னும் வங்காள அறிஞர், சிறு கெண்டையினம் ஒன்றைக் கட்லாவின் சுரப்பியைக் கொண்டு முட்டையிடச் செய்தார். இரண்டாண்டின் பின், கட்டாக்கிலிருந்த குளமீன் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த சௌதுரியும் கேரளத்தவரான அலிக்குஞ்ஞியும் ஒரிசா மாநிலத்தின் அங்குல் என்னும் ஊரிற் பெருங்கெண்டைகளில் வெற்றி கண்டனர். அந்நாள் 1957 யூலை 10. இந்தியாவில் இன்றும் யூலை 10 மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த ஆண்டே சீனத்திற் சொங் லின் முதலியோர் வெள்ளிக்கெண்டையையும் பெருந்தலைக்கெண்டையையும் இவ்வாறே பெருக்கினர். இரு நாடுகளும் ஓராண்டு இடைவெளியில் ஆற்றின் பிடியிலிருந்து விடுபட்டன எனலாம்.

இம்முறையின் செயற்பாட்டைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஏனெனில் அதன் வலிமையும் வலுவின்மையும் அச்செயல்களிலேயே அடங்கியுள்ளன. முதலில், நன்கு முதிர்ந்த மீனொன்றின் தலையோட்டைத் திறந்து மூளையை விலக்கி, அதன் அடியிற் குழியொன்றிற் கிடக்கும் கடுகளவான கபச்சுரப்பியைச் சிதையாமல் எடுத்தல் வேண்டும். மீன்தலைக்கும் விலை உண்டாதலால், இந்தியச் சந்தைகளிற் சுரப்பி சேர்ப்போர் தலையைப் பிளவாது கழுத்துப்புறத் துளையினூடாகவே அதனை எடுக்கப் பழகினர். வாங்குபவர் கண்ணுக்குத் தலை பழுதின்றித் தோன்றும். எடுத்த சுரப்பியைத் தூய அற்ககோலில் இட்டு, ஒளி புகாத சிறு புட்டியிற் குளிரூட்டி வைப்பர். வேண்டும்போது எடுத்து நிறுத்து, காய்ச்சி வடித்த நீரிலோ மென்னுப்புக் கரைசலிலோ அரைத்து, மைய நீக்கத்தால் தெளிவித்த நீரை ஊசியில் ஏற்றுவர். பெண்மீனுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு மூன்று மில்லிகிராம் அளவில் முதல் ஊசி. ஆறு மணி நேரம் கழித்து ஐந்து முதல் எட்டு மில்லிகிராம் வரையில் இரண்டாவது. ஆண்மீனுக்கு இரண்டாம் வேளையில் ஒரு முறை போதும். பின்னர் இரு பாலையும் நீரில் கட்டிய துணித்தொட்டியில் ஒன்றாக விடுவர். நள்ளிரவு கடந்து, சில மணி நேரத்தில் முட்டை சிந்தத் தொடங்கும். ரோகு ஒன்று தன் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது.

பொற்கொல்லர் தராசில் நிறுப்பது போன்ற நுண்மையான பணி இது. ஊசியின் அளவு குறைந்தால் மீன் முட்டையிடாது, கூடினாலும் கேடு. தாய்மீன் பருவமடைந்துள்ளதா என்பதைக் கண்ணாலும் கையாலும் அறியும் பட்டறிவு நூலிற் கிடைப்பதன்று. ஆண்டு முழுவதும் தாய்மீன்களை உணவிட்டுப் பேணும் குளங்கள், சுரப்பியைக் காக்கும் குளிர்ப்பெட்டி, தடையற்ற மின்சாரம், ஓடும் நீர், இரவிரவாக விழித்திருக்கும் ஊழியர் என்பவற்றுள் ஒன்று குறைந்தாலும் பணி நடவாது. ஆற்றின் தயவிலிருந்து விடுபட்ட கெண்டை, இவ்வாறாக ஊழியரின் தயவுக்கு ஆட்பட்டது.

நிற்க, இலங்கைக்கு வருவோம். நம் குளங்கள் பழமையானவை. ஆனால் அவற்றிற் பெருமீன்பிடி என்பது அண்மைக் காலத்தது. இலங்கையில் இயற்கையான ஏரிகள் இல்லை. ஆற்றுக்கும் சேற்றுக்கும் இயைந்த நாட்டு மீன்களே குளங்களிலும் வாழ்ந்தன. சீனக் கெண்டைகள் 1940களின் இறுதியிலேயே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன எனினும், அவை பெருகாமையாற் பயன் விளையவில்லை. நிலைமையை மாற்றியது ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா. 1952இல் இது இலங்கைக் குளங்களுக்கு வந்தது. தாய் தன் வாயிலேயே முட்டையையும் குஞ்சையும் காக்கும் இனம். குளத்தின் ஓரத்து மணலிலேயே கூடு அமைத்துப் பெருகுவது. ஊசியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். சில ஆண்டுகளிற் பராக்கிரம சமுத்திரத்தில் அதனை நம்பி ஒரு மீன்பிடித் தொழிலே எழுந்தது. படிப்படியாக உலர்வலயத்துக் குளங்கள் எங்கும் அது பரவிற்று. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் உளர். அவர்களுக்கான விடையை 1990இன் பின்வந்த ஆண்டுகள் தந்தன; அதனைக் கீழே காண்போம்.

திலாப்பியா ஒன்றினாலேயே குளத்தின் உணவெல்லாம் பயன்படுவதில்லை. மேல்நீரின் நுண்ணுயிரை உண்பது, இடைநீரில் மேய்வது, அடிச்சேற்றைக் கிளறுவது, நீர்க்களையைத் தின்பது என வெவ்வேறு கெண்டைகளை ஒருங்கே விட்டால் ஒரே குளம் மிகுதியான மீனைத் தரும். கோடையில் வற்றும் சிறு குளங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே ஆறு ஏழு மாதங்களில் விரைந்து வளரும் இனமே வேண்டும். இவ்வெண்ணத்தினால் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அரசு நன்னீர் மீன் இனப்பெருக்க நிலையங்களை விரிவுபடுத்தியது. உடவளவை நிலையத்திற் சீனக் கெண்டைகள் ஓமோன் ஊசியினாற் பெருக்கப்பட்டன. ரோகுவும் மிரிகாலும் 1980களின் தொடக்கத்தில் இவற்றோடு சேர்ந்தன. கிழக்குக்கு அணித்தாக அமைந்த நிலையம் இங்கினியாகலையிலுள்ளது. அங்குள்ள பெருங்குளம் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயன். கல்லோயா என்பதோ, மட்டக்களப்பார் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்ததே. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்நிலம் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. குடியேற்றத்தின் கசப்பையும் நெல்லின் செழிப்பையும் ஒருங்கே தந்த அத்திட்டத்தின் வரலாற்றில், குஞ்சுமீனுக்கும் ஒரு சிறு பக்கம் உரியது.

இனி 1990ஆம் ஆண்டு. அவ்வாண்டில் இரு நிகழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. முதலாவது, உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்னும் பௌத்த சமயத்தார் சிலரின் நெருக்குதலை ஏற்று, ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசாவின் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு வழங்கிவந்த ஆதரவு அனைத்தையும் நிறுத்தியமை. இனப்பெருக்க நிலையங்கள் செயலிழந்தன. சில தனியாரிடம் சென்று அலங்கார மீன்களைப் பெருக்கலாயின. கொல்லாமை போற்றுதற்குரிய அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின் கடல்மீன்பிடிக்கு அத்தடை விதிக்கப்படவில்லை என்பதை நினைக்கும்போது, குரலற்ற உள்நாட்டுக் குளத்து மீனவனே அவ்வறத்தின் முழுச்சுமையையும் தாங்கினான் என்று கூறத் தோன்றுகிறது. இரண்டாவது, அவ்வாண்டு யூன் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் போர் மீண்டும் மூண்டமை. ஓகஸ்ட் 11ஆம் நாள் இரவிலும் அதனை அடுத்தும் ஏறாவூரின் முஸ்லிம் குடியிருப்புகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் படுகொலைகள் தமிழ் ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் எழுவான்கரையின் வீதியோர ஊர்களை அரச படைகளும், படுவான்கரையின் பெரும்பகுதியை விடுதலைப் புலிகளும் ஆண்ட நிலையில், வாவியே எல்லையாயிற்று. ஏறாவூரிலிருந்து குளங்களுக்குச் செல்வது, வழியின் தூரத்தினால் அளக்கத்தக்கதாக இருக்கவில்லை.

அரசின் கணக்கின்படி, 1989இல் 39,000 தொன்னைக் கடந்திருந்த நாட்டின் உள்நாட்டு மீன் விளைவு 1994இல் 12,000 தொன்னாகச் சரிந்தது. இவ்வெண்களை அப்படியே கொள்ளலாகாது. ஆதரவு நிறுத்தப்பட்டபோது கணக்கெடுக்கும் அமைப்பும் தளர்ந்தது. குறைந்தது மீனா, கணக்கா என்று கேட்க இடமுண்டு. எனினும் கெண்டையைப் பொறுத்தவரையில் ஐயத்துக்கு இடமில்லை. குஞ்சு விடுதல் நின்ற குளத்தில், முன்னர் விட்ட கெண்டைகள் வளர்ந்து வலையில் அகப்பட்டுத் தீர்ந்தன. எஞ்சிய ஓரிரண்டு பெருங்கெண்டைகள் ஆண்டுதோறும் சூல்கொண்டு, ஆண்டுதோறும் அச்சூலைத் தம்முள்ளே கரைத்துக்கொண்டன. பொதுவாகவே அவற்றுக்கு மறுதலைமுறை இருக்கவில்லை. திலாப்பியாவோ அரசாணையையும் அறியாது, எல்லைக்கோட்டையும் அறியாது, தன்பாட்டிற் பெருகிற்று. போர்க்காலத்திற் கிழக்கின் குளங்களில் வலை வீசியோருக்குச் சோறோடு சேர ஒரு கறி கிடைத்ததாயின், அது பெரும்பாலும் இந்த ஆபிரிக்க வரவினால்தான்.

வாவியின் பக்கத்திலும் இதற்கு இணையானதொரு வரலாறு உண்டு. அதன் மையத்தில் நிற்பது இறால். இறாலின் இனப்பெருக்கத்தையும் ஓமோன்களே ஆள்கின்றன. ஆனால் மீனுக்கு மாறான வகையில். மீனுக்குக் குறைவது தூண்டுதல். இறாலுக்கு மிகுவது தடை. இறாலின் கண்காம்பினுள் உள்ள ஓர் உறுப்பு, சூலகம் வளராதபடி தடுக்கும் ஓமோனைச் சுரக்கிறது. அக்காம்பை நீக்கினாற் சூலகம் விரைந்து முதிரும் என்பதைப் பிரான்சு நாட்டில் பனூஸ் என்பவர் 1943இற் கண்டார். இதனைப் புலி இறாலுக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் 1970களின் நடுவில் வெற்றிபெற்றன. அவற்றுள் ஒன்று இந்தோனேசியாவின் ஜெபாரா என்னும் இடத்தில் நடந்தது. 1975இல் வெளியான அதன் அறிக்கையின் முதலாசிரியர், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அங்குலில் சௌதுரியோடு நின்ற அதே அலிக்குஞ்ஞி. தூண்டுதலைக் கொடுத்து ஓர் உயிரையும், தடையை அறுத்து மற்றோர் உயிரையும் பெருகச் செய்த கைகள் ஒருவருடையவையே என்பது மீனறிவியல் வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. ஒற்றைக் கண்ணை இழந்த தாயிறாலே அன்றுதொட்டு உலகெங்கும் இறாற்குஞ்சு நிலையங்களின் முதலாயிற்று. அம்முறையின் கொடுமையைப் பற்றிய கேள்விகள் இப்போது எழுப்பப்பட்டு, காம்பை அறுக்காது பெருக்கும் வழிகளும் நாடப்படுகின்றன.

இலங்கையின் முதல் வணிக இறாற்பண்ணைகள் 1980களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவியோரத்திலேயே எழுந்தன. புத்தளமும் சிலாபமும் இறாலுக்குப் பேர்பெறுவதற்கு முன்பே மட்டக்களப்பு இதில் அடியெடுத்து வைத்திருந்தது என்பதை இன்று பலர் அறியார். 1987 சனவரி இறுதியிற் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப் படையினர் நடத்திய சுற்றிவளைப்பில், மகிழடித்தீவு இறாற்பண்ணைத் தொழிலாளர் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். பண்ணைத் தொழில் கிழக்கில் அற்றுப்போயிற்று; அது வடமேற்குக் கரைக்குப் பெயர்ந்து, குஞ்சு நிலையங்களும் அங்கேயே பெருகின. வாவியில் இறால் இல்லாமற் போகவில்லை. தன் கண்காம்பின் தடையைத் தானே தளர்த்திக்கொண்டு கடலில் முட்டையிடும் இயற்கை இறால், எப்போதும்போல் முகத்துவாரத்தினூடாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மறைந்தது நிறுவனத்தை நம்பிய இறாலே.

இதனிடையே ஊசியின் உள்ளீடும் மாறிற்று. கபச்சுரப்பியைத் தூண்டும் மூளை ஓமோனின் அமைப்பு 1971இல் வெளிப்பட்டது. அதற்குழைத்த ஷாலி, கியமென் ஆகிய இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றனர். அதனை ஒத்த பொருளைச் செயற்கையாக ஆக்கிக் கெண்டைக்கு ஏற்றியபோது, எதிர்பார்த்த விளைவு முழுமையாகக் கிட்டவில்லை. காரணத்தைக் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்துப் பீற்றரும் குவாங்சௌவின் லின்னும் கண்டனர்: மீனின் மூளையில் டோபமைன் என்னும் பொருள் சுரப்பியை இடைவிடாது அடக்கி வைத்திருக்கிறது. தூண்டும் பொருளோடு டோபமைனைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரே ஊசியில் முட்டை உறுதி. இருவர் பெயரையும் இணைத்து 'லின்பே முறை' என வழங்கும் இது 1980களிற் பரவிற்று. 'ஒவாப்பிரிம்' முதலிய ஆயத்த மருந்துகள் இதன் வழிவந்தவை. கெண்டைக்கும் இறாலைப் போலவே ஒரு தடை இருந்தது என்பது, அங்குலுக்குப் பல ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது. ஆயத்த மருந்தின் வரவால், சுரப்பிக்காக ஒரு மீனைக் கொல்லும் தேவையும் அதனை நிறுத்து அரைக்கும் தேவையும் நீங்கின. உவர்நீர் மீன்களுக்கும் இது வழிதிறந்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், இந்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவாவை 1997இல் அடைப்பிலேயே முட்டையிடச் செய்தது. மட்டக்களப்பு வாவியின் விலையுயர்ந்த மீனுக்கும் இனி நிலையத்திற் குஞ்சு பெறலாம் என்பது இதன் பொருள்.

1994இல் அரசு மாறியதும் உள்நாட்டு மீன்பிடிக்கு மீண்டும் ஆதரவு கிட்டியது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை 1999இற் பணியைத் தொடங்கி, உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகலை நிலையங்களைப் புதுப்பித்தது. ஆனால் படுவான்கரைக்கு அப்பயன் உடனே எட்டுவதற்கில்லை. குஞ்சுமீன் பயணம் செய்வது, ஒட்சிசன் நிரப்பிக் கட்டிய பொலித்தீன் பைகளில்; அப்பைகளில் அதன் உயிர் சில மணி நேரத்துக்கே உறுதி. சோதனைச் சாவடியில் வெயிலில் நிறுத்தப்பட்ட பார ஊர்தியில் இருக்கும் குஞ்சு, அடையாள அட்டையைக் காட்டித் தப்ப முடியாதது. 2007இற் படுவான்கரை அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2009இற் போர் முடிந்த பின்னரே கிழக்கின் குளங்களிற் குஞ்சு விடும் பணி விரிவடையலாயிற்று. நன்னீர்ப் பெரிய இறாலின் குஞ்சுகளும் இப்பொழுது கெண்டையோடு சேர விடப்படுகின்றன.

இவ்விடத்து ஒரு குறிப்பு. குஞ்சு நிலையங்களில் ஊசி ஏற்றிய முதல் தலைமுறை ஊழியர் முதுமை எய்திவிட்டனர். குளத்து மீனவர் சங்கங்களின் பதிவேடுகள் பல, போரிலும் வெள்ளத்திலும் அழிந்திருக்கக்கூடும். ஏறாவூரிலிருந்து கூப்பிடு தூரம் என்னத்தக்க வந்தாறுமூலையில், 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இருக்கிறது. வரலாறு பயில்வோரும் விலங்கியல் பயில்வோரும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றனர். ஒருவர் கேள்வியை மற்றவர் கேட்பதற்குத் தடையேதும் இல்லை.

எஞ்சியிருப்பது காலத்தைப் பற்றிய சிக்கல். இந்தியப் பெருங்கெண்டை தன் தாயகத்தில் ஆடி ஆவணி வெள்ளத்தில் முட்டையிடுவது. நமது குளங்களோ ஐப்பசியில் நிரம்பத் தொடங்கி மார்கழி, தையில் வான் பாய்பவை; சிறு குளங்கள் ஆவணிக்குள் வற்றுபவை. முட்டை பொரித்த நுண்குஞ்சு, விரலளவாக வளர இரண்டு மூன்று மாதம் வேண்டும். அதனினும் சிறிதாக விட்டால் விரால் விடாது. ஆகவே வெள்ளம் வருமுன்பே, வடகீழ்ப் பருவக்காற்றுக்குக் கணக்கு வைத்து, நிலையத்தில் ஊசி ஏற்றப்பட வேண்டும். வற்றும் குளங்களில் மீன் வளர்க்கும் திட்டம் இலங்கையில் 1980களிற் பரவலாகத் தொடங்கியபோதே, உரிய மாதத்திற் குஞ்சு கிடையாமையே அதன் பெருந்தடையாகக் காணப்பட்டது. மாசியில் வந்து சேரும் குஞ்சு, குளம் வற்றும்போது சந்தைக்குரிய எடையை எட்டியிராது. அந்நாளில் வலையில் ஏறுவது மீண்டும் திலாப்பியாவே.